நான்கு கம்பி இருக்க வேண்டிய வடக்குச் சுவர்

அனுப்புநர்:
மோல்டிங் மெஷின் இயக்குபவர், அட்டை எண் 117,
இரட்டைமுகக் கட்டட பிளாக் ஆலை,
தொழிற்பேட்டை.

பெறுநர்:
தர ஆய்வு அலுவலர்,
கட்டுமானப் பொருள் தரக் கட்டுப்பாட்டு அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: தொழிலாளர் குடியிருப்பின் வடக்கு வெளிச்சுவர் – பிளாக்குகளில் பிணைக் கம்பி பாதியாகக் குறைக்கப்பட்டது – வியாழக்கிழமை பூச்சு வேலை தொடங்கும் முன் நேரில் உடைத்துப் பார்க்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. பெயரின்றி வந்த முதல் மனு. 2. அதற்கு ஆலை அனுப்பிய பதில். 3. கோப்பு முடிக்கப்பட்டது என்ற தங்கள் அலுவலகக் குறிப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் ஆலை எட்டு மாதமாகப் பொய்யான பிளாக் செய்து அனுப்புகிறது. அதற்குத் தங்கள் அலுவலகம் தரச் சான்று கொடுத்திருக்கிறது. அந்த பிளாக்குகளை வார்க்கும் மெஷினை ஓட்டுகிறவன் நான். ஆகவே இது யாரோ சொல்லக் கேட்டு எழுதும் மனு இல்லை.

2. தங்கள் மேஜைக்குப் பல பொருள்களின் கோப்புகள் வருவதால், இந்த பிளாக் எப்படி இருக்க வேண்டும் என்பதை நினைவூட்ட அனுமதி கோருகிறேன். இது சாதாரண சிமென்ட் கல் இல்லை. வெயிலும் மழையும் வீட்டுக்குள் இறங்காமல் தடுக்க, ஒரே கல்லுக்குள் இரட்டைச் சுவர். உள்பக்கம் ஒரு கான்கிரீட் முகம், வெளிப்பக்கம் ஒரு கான்கிரீட் முகம், நடுவில் தெர்மாகோல் பலகை. தெர்மாகோலுக்கும் வெளிமுகத்துக்கும் இடையே ஒரு விரல் அகலம் காலி இடம் உண்டு. வெளியிலிருந்து ஊறும் தண்ணீர் அதன் வழியே கீழே வடிந்துவிடும். அப்படியானால் வெளிமுகம் எதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது? எதிலும் இல்லை. இரண்டு முகங்களையும் குறுக்கே இழுத்துப் பிடித்திருப்பவை நான்கு கம்பிகள்தான், மூலைக்கு ஒன்று. தங்கள் அலுவலகம் ஒப்புதல் கொடுத்த வரைபடத்திலும் நான்குதான் இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

3. எட்டு மாதத்துக்கு முன் கம்பிச் சரக்கு வரத் தாமதமானது. மேஸ்திரி வந்து கம்பி மேஜைப் பெண்களிடம், “ஒரு வாரம் சமாளிங்கம்மா. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு குத்தி அனுப்புங்க. சரக்கு வந்ததும் பழையபடி நாலு” என்றார். தெர்மாகோல் பலகையில் கம்பிகளைக் குத்தி என் மெஷினுக்கு அனுப்புவது அந்த மேஜைதான். இரண்டாவது வாரமே சரக்கு வந்துவிட்டது. பெட்டிகள் இன்றும் ஸ்டோர் ரூமில் பிரிக்காமல் இருக்கின்றன. ஒரு வாரம் என்று சொன்ன அந்த வாரம் மட்டும் இன்னும் முடியவில்லை.

4. இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. ஆறேழு வருடமாக நான்கு குத்திப் பழகிய கை இரண்டில் நிற்பதில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தால், கை தன் பாட்டுக்கு நான்கையும் குத்திவிடுகிறது. அந்த மேஜையில் என் அக்காவும் வேலை செய்கிறார். அவர் கைதான் அதிகம் தவறியது. ஈர பிளாக்கின் மேல் கம்பி நுனி புள்ளியாகத் தெரியும். நான்கு புள்ளி தெரிந்தால் மேஸ்திரி சிவப்புச் சாக்பீஸில் குறுக்கே கோடு போட்டுக் கழிவில் தள்ளுவார். கழிவுப் பதிவேட்டைத் தாங்கள் பார்க்கலாம். “குறைபாடு: கூடுதல் கம்பி” என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும்.

“நல்ல கல்லப் போய் ஏன் சார் ஒதுக்குறீங்க?” என்று அக்கா கேட்டார்.

“லோடுல ஒண்ணே ஒண்ணு நாலு கம்பியோட போச்சுன்னு வைம்மா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்குறவன் மீதிய எண்ண ஆரம்பிச்சுடுவான்” என்று மேஸ்திரி சொன்னார். ஒளிவுமறைவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண், “நாளைக்கு உன் கைய வீட்டுல வெச்சிட்டு வாடி, வேலை ஒழுங்கா நடக்கும்” என்றார். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். இதையும் மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை; நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

5. அந்தக் கழிவுக் கற்களைக் கேட்டு வாங்கி, எங்கள் வாட்ச்மேன் ஆலை வாசலுக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு குளியலறை கட்டிக்கொண்டார். போன மாதம் ஒரு லாரி பின்னால் வந்து அதில் மோதியது. லாரியின் பின்விளக்கு நொறுங்கியது. குளியலறையில் கீறல்கூட இல்லை. உள்ளேயிருந்து வாட்ச்மேன், “யாருய்யா கதவத் தட்டுறது?” என்று குரல் கொடுத்தாராம். எட்டு மாதத்தில் எங்கள் பிளாக்கை வைத்து வரைபடத்தின்படி கட்டப்பட்ட ஒரே கட்டடம் அதுதான். தங்கள் சான்று அதற்கு மட்டும் செல்லும்.

6. அப்படியென்றால் சான்று எப்படிக் கிடைத்தது என்று தாங்கள் கேட்கலாம். ஆய்வுக்கு வரும் முன் தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் நாள் சொல்லிவிடுகிறார்கள். சொன்னதும் நான் நான்கு கம்பி வைத்துப் பன்னிரண்டு கற்கள் தனியாக வார்ப்பேன். நன்றாகத் தண்ணீர் காட்டி, ஓரம் தேய்த்து, நிழலில் அடுக்கிவைப்போம். ஆலையில் அவற்றுக்கு மாப்பிள்ளைக் கல் என்று பெயர். தாங்கள் வந்தபோது அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்தீர்கள். ஜீப்பில் தூக்கி வைத்தது நான். “நல்ல கனமா இருக்கேப்பா” என்றீர்கள். “ஆமாம் சார்” என்றேன். அந்த மூன்று கற்களைப் பொறுத்தவரை நான் பொய் சொல்லவில்லை. மற்றதைத் தாங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் பங்குக்கு என்ன நடவடிக்கையோ அதை எடுங்கள், மறுக்க மாட்டேன்.

7. இந்த பிளாக்குகளை வைத்துத்தான் தொழிலாளர் குடியிருப்பு கட்டப்படுகிறது. மூன்று மாடி. அக்கா வீட்டுக்காரர் அங்கே கொத்தனார். போன மாதம் 19ஆம் தேதி காலை, வடக்குச் சுவரில் மூன்றாம் மாடி உயரத்தில் தண்ணீர்க் குழாய்க்குக் கிளாம்ப் அடிக்கத் துளை போட்டிருக்கிறார். கிரீம் பிஸ்கட்டைப் பிரிப்பதுபோல, அடுத்தடுத்து மூன்று கற்களின் வெளிமுகம் மட்டும் கழன்று கீழே போய்விட்டது. கீழே கலவை குழைக்கும் பெண் அந்த இடத்தில்தான் காலையிலிருந்து நின்றிருந்தார். அன்றைக்குச் சாரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் அக்கா வீட்டுக்காரர் என்னிடம் சொன்னது இது: “அவ தண்ணி குடிக்கப் போயிருந்தா மாப்ளே. வந்து பாக்குறா, கலவைச் சட்டி அப்பளம் மாதிரி கெடக்கு. அப்படியே உக்காந்துட்டா.” கழன்ற இடத்தில் கொத்தனார் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. சைட் இன்ஜினியர் அன்று மாலையே அந்த மூன்று இடங்களையும் கலவை வைத்து அடைக்கச் சொல்லிவிட்டார். “பூச்சு வந்தா எல்லாம் மூடிடும். நீங்க வாய மூடுங்க” என்பது அவர் அறிவுரை.

8. மறுநாள் நான் தங்களுக்கு முதல் மனுவை எழுதினேன். பயத்தில் பெயர் போடவில்லை. தங்கள் அலுவலகம் அதைப் படித்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் விளக்கம் கேட்டு ஆலைக்கே அனுப்பிவைத்தது. திருடன் மேல் புகார் கொடுத்தால் அதைத் திருடன் வீட்டுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது எந்த விதியில் இருக்கிறது என்று தெரிவித்தால் நன்றியுள்ளவனாவேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்த மனுவை மேஜையில் வைத்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஷிப்ட் பதிவேட்டை தினமும் நான்தான் எழுதுகிறேன். கோபப்படவே இல்லை. “கையெழுத்து முத்து முத்தா இருக்குப்பா. பதிலையும் நீயே எழுதிடு” என்று பேனாவைக் கொடுத்தார். பிறகு, “உங்க அக்கா பேரு குடியிருப்பு வீட்டு லிஸ்ட்ல இருக்குல்ல?” என்றார். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் ஒன்பது வருடமாக ஒரே அறையில் இருக்கிறார்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். மேனேஜர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். விழுந்தது மேல்பூச்சு மட்டுமே என்றும், மனுதாரர் தொழில்நுட்பம் அறியாதவர் என்றும் எழுதியது என் கைதான். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சுவருக்கு இன்றுவரை பூச்சே பூசவில்லை, ஐயா. பூசாத பூச்சு எப்படி விழும்? மனுவும் பதிலும் தங்கள் கோப்பில் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன. ஒரே கையெழுத்து. யாராவது இரண்டையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக, “விளக்கம் ஏற்கப்பட்டது” என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டீர்கள்.

9. இந்த மாதம் முதல் தேதி அக்காவுக்குச் சாவி கொடுத்தார்கள். தரைத்தளம், நான்காம் எண் வீடு. கலவைச் சட்டி நசுங்கிய இடம் அந்த வீட்டு வாசல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடிபோகச் சொல்லியிருக்கிறார்கள்.

எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் அலைந்துவிட்டுப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியாதாடா? கம்பி குத்தினதே நான்தானே” என்றார். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். “குடுத்துட்டு? லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு கலவை குழைக்கிறவளோடது. அவ பிள்ளைங்க தல மட்டும் இரும்பா?” என்று கேட்டார். மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, “இந்தத் தடவை பேர் போட்டு எழுது. பாதி பாதியா எழுதாத” என்றார். சாவி போனாலும் போகட்டும் என்பதையும் அவரே சொன்னார். எனவே இந்த மனு அவருக்குத் தெரிந்தே எழுதப்படுகிறது.

10. வரும் வியாழக்கிழமை காலை வடக்குச் சுவருக்குப் பூச்சு தொடங்குகிறது. இன்றைக்குச் சாரம் நிற்கிறது. எந்தக் கல்லையும் தொட்டுப் பார்க்கலாம். பூசி, சுண்ணாம்பு அடித்து, சாரத்தைப் பிரித்துவிட்டால், எந்த முகம் எப்போது கழலும் என்று சொல்ல யாராலும் முடியாது. பூச்சின் கனமும் அந்த இரண்டு கம்பியில்தான் தொங்கப் போகிறது. கீழே நான்கு வாசல்கள். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே தாங்கள் வியாழனுக்கு முன் நேரில் வர வேண்டும். நாளையோ மறுநாளோ. வருவதை ஆலைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். கல்லை ஆலையில் பொறுக்க வேண்டாம். சுவரிலிருந்து, தாங்கள் கை காட்டும் இடத்திலிருந்து ஒன்றைப் பெயர்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடம் வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு சுத்தியல் போதும். உடைத்துவிட்டுக் கம்பியை எண்ணுங்கள். நான்கு இருந்தால் பொய்ப் புகார் கொடுத்ததாக என் மேல் வழக்குப் போடுங்கள். கையெழுத்துப் போட்டே தந்திருக்கிறேன். இரண்டு இருந்தால் அங்கேயே நின்று பூச்சை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குடியேற்றத்தையும் நிறுத்துங்கள். இந்த மனுவை இந்த முறை விளக்கம் கேட்டு ஆலைக்கு அனுப்ப வேண்டாம். அங்கே விளக்கம் எழுதுகிறவன் இங்கே வந்துவிட்டேன்.

இதைத் தபாலில் சேர்க்கவில்லை. முதல் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு நேரில் கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறேன் அல்லது வரமாட்டேன் என்று கீழே ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வரமாட்டேன் என்றாலும் பரவாயில்லை, எழுத்தில் கொடுங்கள்.

இடம்: தங்கள் அலுவலகம், இரண்டாம் மாடி வராந்தா
நாள்: 12, திங்கட்கிழமை, காலை 10 மணி

(கையொப்பம்)
மோல்டிங் மெஷின் இயக்குபவர், அட்டை எண் 117

உடன் கையொப்பம்:
கம்பி மேஜைத் தொழிலாளி, அட்டை எண் 64, நான்காம் எண் வீட்டுச் சாவி பெற்றவர்

இணைப்பு: வடக்குச் சுவரிலிருந்து விழுந்த வெளிமுகத்தின் துண்டு ஒன்று, கம்பியுடன். (கனமானது. பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.)

அலுவலர் எழுத வேண்டிய வரி:

..............................................................