மீளி என்று பெயர் கொண்டோர் குறித்து

திரு நிலைக்க. செருந்தி நாட்டின் வானம் தன் மழையை மறவாதிருக்க. ஏழு கடவைகளுக்கும் காவலரும், கடற்கரை தொட்டு மலைமுடி வரை வெண்குடை நிழற்றுபவருமாகிய கோ வயமான் பெருவேந்தர் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் பேரமைச்சன் நன்னாகன் எழுதுவது. துவரைமலை நாடாள்வார் பூதங்கீரனார் கண்டு தலைமேற்கொள்க. நும் கோட்டை மதில் நிற்க. நும் சரிவுகளில் தினை விளைக. நும் குடிகளில் இன்னும் எஞ்சியிருப்போர் நெடிது வாழ்க.

நீர் அம்மலைக்குப் புதியவர். அங்குள்ள பெண்டிர் தம் மக்களைப் பெயர் சொல்லி அழையாது, கைதட்டியும் சீழ்க்கையடித்தும் அழைக்கக் கண்டு வியந்து, இஃது என்ன வழக்கம் என வினவி விடுத்தீர். அது வழக்கம் அன்று, அச்சம். அவ்வச்சம் வந்த வகையை, ஏனாதி அழிசி அவை நடுவே நின்று கூறியதையும் உடன் சென்ற வீரர் கூறியதையும் ஒப்புநோக்கி எழுதுகிறேன். இடையில் மலைமக்கள் பேசிய பேச்சை அவர்கள் நாவில் வந்தபடியே விடுமாறு வேந்தர் பணித்தார்; நான் திருத்தவில்லை.

அழிசி, பத்துப் போர்க்களம் கண்டு, ஏனாதி என்னும் படைத்தலைமைப் பட்டத்தை வேந்தர் கையால் பெற்றவன். வாளை உருவிய பின் கேள்வி கேளாதவன் என்று பேர் எடுத்தவன். அப்பேரில் அவனுக்குப் பெருமையும் இருந்தது.

அந்நாளில் துவரைமலைக் கடவைக்கோட்டையை ஆண்டவர் வேந்தரின் இளவல் வெண்மான். மதிலை உயர்த்த வேண்டி, அடைமழையில் மலைமக்களைக் கல் இழுக்க வைத்தார். சரிவு இடிந்து ஒரு கூட்டமே மண்ணுள் போயிற்று. உடல்களைத் தோண்டி எடுக்க இசைவு கேட்டவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. கற்கள் அந்த மண்ணின் மேலேயே இழுக்கப்பட்டன. அம்மண்சரிவில் தன் தம்பியைப் பறிகொடுத்த ஒருவன் மலையைத் திரட்டினான். அவன் பெயர் மீளி. கோட்டை வாயிலை எரித்து, காவலரை வெட்டி, இளவலைத் தூணில் கட்டித் தலையை அறுத்தான். அத்தலை தேன்குடம் ஒன்றில் மூழ்கியபடி தலைநகராகிய முதுவாயில் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. வேந்தர் தம் கையாலேயே அதைத் தேனிலிருந்து எடுத்தார். எடுத்த கையைக் கழுவாமலே சொன்னார்: மீளி என்னும் பெயர் அம்மலையில் உயிரோடு இருத்தலாகாது.

நாடாள்வாரே, நம் நாட்டகத்தே மீளி எனின் வீரன். கூற்றுவனுக்கும் அது பெயர். வெற்றிப் பாட்டுகளில் அன்றி அச்சொல்லை நாம் கேட்டதில்லை. ஆதலின் அவையில் இருந்தோர் யாவரும் அதனை ஒரு போர்ப்பட்டம் என்றே கொண்டோம். அப்பட்டம் சூடியோர் யாவரும் அக்கலகக்காரனோடு குருதி தொட்டுச் சூள் உரைத்த கூட்டத்தார் என்றும் கொண்டோம். அழிசியும் அவ்வாறே கொண்டு படை நடத்தினான்.

கான்யாற்றுத் துறையில் இரு படையும் மோதின. மலைமக்களின் அம்புகள் முன்னணியை நீரிலேயே வீழ்த்தின. பிணங்களை மிதித்தே பின்னணி கரையேறிற்று. உச்சிப்பொழுதுக்குள் ஆறு செந்நிறமாயிற்று. அழிசி கலகத் தலைவனை ஒரு மருதமரத்தோடு சேர்த்து வேலால் குத்தி நிறுத்தி, உன் கூட்டத்தில் இன்னும் எத்தனை மீளிகள் உளர் என வினவினான். வேல் நெஞ்சில் இருக்க அவன் வாயில் இரத்தம் நுரைக்கச் சிரித்தான்.

“மேல ஏறிப் போ. பொழுது சாய்றப்ப அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு. எத்தன பேருன்னு நீயே எண்ணிக்க.”

சொல்லி இறந்தான். அழிசி அதை அறைகூவல் என்றே எடுத்துக்கொண்டான்.

அவன் துணைத்தலைவன் முடிநாகன் என்பான், அச்சொல்லிலேயே ஒரு சூழ்ச்சி கண்டான். படை கூவல்பாறை என்னும் ஊரை அடைந்ததும் முரசு அறையாது மரங்களுக்குள் பதுங்கிற்று. மந்தைகள் இறங்கி வரும் மாலை வேளையில், மலைப்பேச்சு அறிந்த வீரன் ஒருவனைப் பாறைமேல் ஏற்றி, மீளி, மீளி என்று நீட்டி அழைக்கச் செய்தான் முடிநாகன்.

மறுமொழி நான்கு திக்கிலிருந்தும் வந்தது. ஓடையிலிருந்து ஒரு குரல். தினைப்பரண் மேலிருந்து ஒரு குரல். “இந்தா வாரேன்” என்று காட்டுவிளிம்பிலிருந்து ஒரு குரல். யாரோ வீட்டார்தாம் அழைக்கிறார்கள் என்று நம்பி வந்தார்கள். ஓடையிலிருந்து வந்த புதுமணப்பெண்ணை ஈரத்தலையோடு வெட்டினார்கள். பரணிலிருந்து இறங்கிய கிழவனுக்குக் கால் நிலத்தில் படுமுன்னே முதுகில் ஈட்டி பாய்ந்தது. கண் தெரியாத மூதாட்டி ஒருத்தி, “எவ எவ, எந்த மீளியக் கூப்பிடுற?” என்று கோல் ஊன்றி வந்து வீரர்களின் நடுவிலேயே நின்றாள், அவளையும் விடவில்லை. விறகுச் சுமையோடு வந்தவன் ஒருவன் அழிசியின் பங்குக்கு விழுந்தான். ஒரே வீச்சு, தலை ஒருபுறமும் விறகு ஒருபுறமும் சிதறின.

சூள் உரைத்த கூட்டத்தில் குருட்டு மூதாட்டியும் இருப்பாளோ என்ற ஐயம் அப்போதே தன்னுள் எழுந்ததென்றும், எழுந்த ஐயத்தைத் தானே மிதித்து அமுக்கியதாகவும் அழிசி அவையில் கூறினான். அடுத்து, “ஓ” என்று கூவிக்கொண்டே ஒரு சிறுமி பாறையிடுக்கிலிருந்து ஓடி வந்தாள். விழுந்து கிடந்த தலையைக் கண்டு நின்றாள். அழிசியின் வாள் ஓங்கியபடியே நின்றுவிட்டது.

அப்போது பெண் ஒருத்தி பாய்ந்து வந்து, ஓங்கிய வாளின் அலகை இரு கைகளாலும் பற்றினாள். அவள் பெயர் சாத்தி, அச்சிறுமியின் தாய். விரல்கள் அறுபட்டு இரத்தம் முழங்கை வழியே ஒழுகிற்று, பிடியை விடவில்லை.

“எதுக்குய்யா கொல்றீங்க? என்ன செஞ்சா எம் பிள்ள?”

கலகக்காரனின் பட்டப்பெயரைச் சூடியிருக்கிறாள் என்றான் அழிசி.

“பட்டமா?” என்று அவள் அலறினாள். “மூத்தது பொறந்து செத்துச்சு. அடுத்ததும் செத்துச்சு. மூணாவதா இவ வந்தா. போனது மீண்டு வந்துருச்சுன்னு மீளின்னு வச்சோம். இந்த மலையில பிள்ளயப் பறிகுடுத்த ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு மீளி இருக்கும்யா. ஆம்பளைக்கும் அதான் பேரு, பொம்பளைக்கும் அதான். புலி வாயில தப்பின ஆட்டுக்குட்டிக்குக் கூட அதான் பேரு. அந்தா கெடக்கானே, விறகு கொண்டாந்தவன், அவன் எம் புருசன். அவனும் மீளிதான். அவங்க அம்மா நாலு பிள்ளயப் புதைச்சிட்டு அவனப் பெத்தா.”

அழிசி வாளை இழுக்கவும் இயலாது, விடவும் இயலாது நின்றான். இழுத்தால் அவள் விரல்கள் போகும். ஆறு தாண்டியது முதல் தான் வெட்டியது ஒரு படையை அன்று, பிள்ளையை இழந்த தாய்மார் தமக்கு மிஞ்சியவற்றை என்று அவனுக்குப் பட்டது. வாளை அவள் பிடியிலேயே விட்டு விலகினான்.

முடிநாகன் விலகவில்லை. ஆணையில் தாய் என்றோ சேய் என்றோ இல்லை, பெயர் என்றே உளது எனக் கூறிச் சிறுமியின் கூந்தலைச் சுற்றிப் பிடித்தான். விடுக என்றான் அழிசி. முடிநாகன் குறுவாளை உருவினான். வெறுங்கையோடு அழிசி அவன்மேல் விழுந்தான். இருவரும் பாறையில் உருண்டார்கள். குறுவாள் அழிசியின் விலாவில் இருமுறை இறங்கிற்று. கிடைத்த கல் ஒன்றை எடுத்து, முடிநாகனின் முகம் முகமாக இல்லாது போகும் வரை அவன் அடித்தான். தலைவன் பக்கம் சிலரும் ஆணையின் பக்கம் சிலருமாக வீரர் தமக்குள்ளேயே வெட்டிக்கொண்டனர். நம் படையின் பிணங்களும் கூவல்பாறை மக்களின் பிணங்களும் ஒன்றாகவே கிடந்தன. பிழைத்தோர் படையைத் திருப்பினர். வேறெந்த ஊருக்கும் அது ஏறவில்லை.

அழிசி விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதுவாயிலுக்குத் தானே வந்து அவை புகுந்தான். நடந்தவற்றை ஒன்றும் ஒளியாது கூறினான். விறகுக்காரனைப் பற்றிக் கூறும்போது, அவன் பெயரும் மீளி என்பதை மட்டும் இருமுறை கூறினான். அறியாது எழுந்த ஆணை என்று வேந்தரைச் சிலர் தேற்ற முயன்றபோது, வேந்தர் கையமர்த்தினார்.

பெயரின் பொருளை யான் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அறிந்திருந்தாலும் அன்று அதையே சொல்லியிருப்பேன், என் தம்பியின் தலை என் மடியில் இருந்தது என்றார். பிறகு அழிசியை நோக்கி, என் படையின் துணைத்தலைவனைக் கொன்றாய், அதற்கு உன் வலக்கை போகும், என்றார். மலைமக்களைக் கொன்றது என் ஆணை. அதற்கு எதை வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றும் கூறினார். அழிசி தானே வந்து கட்டையின்மேல் கையை நீட்டினான். மணிக்கட்டுக்கு மேலே வெட்டிக் கொதிக்கும் எண்ணெயில் தோய்த்தார்கள். கத்தியது அவன் அல்லன், பிடித்திருந்த காவலன்.

ஆதலின் நாடாள்வாரே, வேந்தர் ஆணை இது. மீளி என்னும் பெயர் இன்று முதல் துவரைமலையில் தடையற்றது. கல் இழுக்கும் வேலை இன்றோடு நிற்கும். சரிவின் மண்ணை நம் படைவீரரே தோண்டி, கிடைக்கும் எலும்புகளை உரியவரிடம் ஒப்புவிப்பர். மாலை வேளையில் நும் காவலர் எவரும் எவரையும் பெயர் சொல்லி அழைத்தலாகாது. அம்மக்களின் செவி அதைத் தாங்காது. எந்தத் தாயையும் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாறு வற்புறுத்தவும் வேண்டா. தாமாக எப்போது கூப்பிடுவார்களோ அப்போது கூப்பிடட்டும்.

இன்னும் ஒன்று. கை ஆறியபின் வேந்தர் அழிசிக்கு மருதநிலத்தில் வீடும் சோறும் அளித்தார். அவன் ஏற்கவில்லை. கூவல்பாறைக்குப் போக விடை வேண்டினான். அங்கே போய் என் செய்வாய் என வேந்தர் வினவ, அந்தப் பெண்ணின் இரு கைகளும் வாளால் கெட்டவை, அவள் வீட்டுக்கு விறகு கொணர இனி ஆள் இல்லை என்றான். அவர்கள் உன்னைக் கொல்வார்களே என்றார் வேந்தர். அதுவும் அவர்கள் விருப்பம் என்றான். வேந்தர் விடை கொடுத்தார்.

இவ்வோலையை நும் முன் இடக்கையால் நீட்டி நிற்பவன் அவனே. அவனுக்குக் காவல் கொடுக்க வேண்டா. படைக்கலமும் கொடுக்க வேண்டா. அவ்வூரார் அவனைக் கொன்றால் பழி கேளாதிருக்க; சோறிட்டால் ஏன் என்று வினவாதிருக்க. பசித்திருந்தால் உணவு தருக. ஊர் எந்தப் பக்கம் என்று காட்டுக.

கோ வயமான் பெருவேந்தர் முன்னிலையில் அரக்கு உருக்கி, கடம்ப இலச்சினை பதித்து விடுத்தது. மழை பொய்யாதிருக்க, எல்லை நிலைக்க. வழியை விடுக.