கொசுறாக விழுந்த கிரேப்ஃப்ரூட் எண்ணெயும் அக்காவின் வலது கன்னமும்

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநரின் தம்பி,
பதினோராம் வகுப்பு,
க்ரீம் கடைக்கு எதிர்மாடி.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: முகக் க்ரீமில் வெயில் எச்சரிக்கை ஒட்டவும், அக்காவுக்கு வேன் சாவி திரும்பக் கிடைக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எதிர்க்கடை அம்மா தாமே கலக்கும் முகக் க்ரீமில் கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் சேர்க்கிறார். மணத்தில் குறையில்லை. அக்காவின் முகத்தில் எண்ணெய் வழிவது நின்றதையும் மறுக்கவில்லை. புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிட்டேன், இனி புகார்.

2. அந்த அம்மா நல்ல மனசுக்காரர். அதுதான் பிரச்சினை. "நம்ம பொண்ணாச்சே" என்று அக்காவின் டப்பாவில் மட்டும் அந்த எண்ணெயைக் கொசுறாக இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினார். அக்கா காலையில் பூசிக்கொண்டு, வேனை ஓட்டிக்கொண்டு, வலது ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரையே சுற்றினார். வெயில் பட்ட வலது கன்னம் மட்டும் சிவந்து, கொப்பளித்து, கறுத்தது. இடப்பக்கம் பார்த்தால் விளம்பரம். வலப்பக்கம் பார்த்தால் எச்சரிக்கை.

3. கேட்கப் போன என்னிடம், "பழம்டா அது! பழம் யாரையாவது கடிக்குமா?" என்றார் கடை அம்மா. தோல் மருத்துவர் சொன்னது வேறு. அந்த எண்ணெய் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். அளவு கூடினால் ஆபத்தும் கூடும். பூசி உடனே கழுவும் சோப்பில் அவ்வளவு பயமில்லை. கறை மெல்ல மங்கும். யாருக்கும் தொற்றாது.

4. இந்தக் கடைசிச் சேதிதான் எங்கள் பள்ளி மேலாளர் காதில் ஏறவில்லை. பெற்றோர் பயப்படுகிறார்களாம். "மூஞ்சி சரியானதும் வாம்மா" என்று சாவியை வாங்கிக்கொண்டார். மருத்துவர் சீட்டை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். போன மாதம் அறிவிப்புப் பலகையில் பொய்யாக "நாளை விடுமுறை" என்று எழுதியவன் நான்தான் என்பதால், சீட்டும் என் கைவரிசை என்கிறார். வேன் இல்லாத அக்கா வீட்டில் என்னைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது அதையும் நிறுத்திவிட்டார். வீடு வீடாகவே இல்லை, ஐயா.

5. கடையை மூட வேண்டாம். "பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்" என்று டப்பாவில் ஒட்டச் செய்து, கொசுறையும் நிறுத்தினால் போதும். திங்கட்கிழமை புது ஓட்டுநர் வருகிறாராம். அதற்குள் தாங்களே நேரில் வந்து பார்த்து, இது தொற்றாது என்று மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு விஷயம்: யார் வந்தாலும் அக்கா இப்போது இடது கன்னத்தையே திருப்பிக் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று கிளம்பிவிடாதீர்கள்.

இடம்: மாடிப்படி, நிழல் பக்கம்
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம், இது நிஜமாகவே என்னுடையது)
ஓட்டுநரின் தம்பி