மாவு டப்பாவுக்குள் ஐந்து அட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்
இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக ஒரு வரிகூடச் சேர்க்கமாட்டேன்.

முதல் உண்மை: அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. தினமும் ஒரு மாத்திரை. அதனால் நன்றாக இருக்கிறாள். இந்தப் பகுதியில் அவளைப் போன்ற ஐந்து பேர் ஒரு குழு. மாதம் ஒருவர் ஐந்து பேரின் சிகிச்சை அட்டைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லோருக்கும் மாத்திரை வாங்கி வருவார். மற்றவர்கள் வேலைக்கு லீவு போட வேண்டாம். வியாழனன்று, முதல்முறையாக, அம்மாவின் முறை.

ஜூன் 5, வியாழன்
அம்மா வெறும் பையோடு வந்தாள். "ஸ்டாக் வரலையாம்" என்று குழுவுக்குப் போன் செய்தாள்.

ஜூன் 6, வெள்ளி
மாவு டப்பாவின் அடியில் ஐந்து அட்டைகளும் கிடைத்தன. எதற்கு ஒளித்தாள்? கேட்டேன்.

"பக்கத்து வரிசையில எங்க சூப்பர்வைசர் பொண்டாட்டி நின்னாடி. பார்த்திருந்தா என் பொழப்பு அவ்ளோதான். ஓடி வந்துட்டேன்."

"அப்போ ஸ்டாக்?"

"வாயை மூடு."

இன்றோடு சேர்த்து மூன்று நாளுக்குத்தான் மாத்திரை. அம்மாவுக்கு மட்டுமல்ல — ஐந்து பேருக்கும்.

ஜூன் 7, சனி
நூலகத்தில் படித்தேன். மாத்திரை நின்றால் கிருமி மறுபடி பெருகும். விட்டுவிட்டுப் போட்டால் அந்த மருந்தே பலிக்காமல் போகலாம். மூன்று முறை படித்தேன். அர்த்தம் மாறவில்லை.

சாயங்காலம், குழுவில் இருக்கும் தையற்காரம்மா போன் செய்தார். பாதியாக உடைத்துப் போட்டால் கூட இரண்டு நாள் தள்ளலாமா என்று கேட்டார். அம்மா "ம்" என்றாள். "ம்" என்றாளே!

ஜூன் 8, ஞாயிறு
சொன்னால் அம்மாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால்? தையற்காரம்மா வாசல்வரை போய்த் திரும்பினேன். இரண்டு முறை.

கடைசியில் அம்மாவிடமே அழுதேன். "அவங்க பாதிதான் போடுறாங்கம்மா. நீ சொன்ன பொய்யாலம்மா."

அம்மா எழுந்தாள். செருப்பை மாட்டினாள். நானும் பின்னால் ஓடினேன். தையற்காரம்மாவிடம் அம்மா நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி! என் உயிரை மாவுலயா புதைச்சு வச்சே?" தையற்காரம்மா கத்திய கத்தலில் தையல் மெஷினே நின்றுவிட்டது. அம்மா தலை நிமிரவில்லை. பிறகு தையற்காரம்மாவே சொன்னார்: "காலையில நானும் வர்றேன். எவளாவது பார்த்தா, எனக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லிக்கோ."

ஜூன் 9, திங்கள்
வாங்கிவிட்டார்கள். ஐந்து பேருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு
குழுக் கூட்டம். அம்மா என்னையும் அழைத்துப் போனாள். புதிதாகச் சேர்ந்த ஒரு டிரைவர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்பட்டார். துணைக்கு யார் என்று கேட்டார்கள். அம்மா கையை உயர்த்தினாள்.

பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் படியிறங்கினோம்.