அணைக்காத எஞ்சின்

தம்பி,

நேற்று மகள் கோமதியை அழைத்துவர வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். விமானம் இறங்கி நின்றதும் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. எரிந்த மண்ணெண்ணெய் வாடை வந்து முகத்தில் அறைந்தது. பெங்களூரிலிருந்து நீ லீவுக்கு வரும்போது பெட்டியைத் திறந்தால் இதே வாடைதான் அடிக்கும். எத்தனை தடவை அடித்துத் துவைத்தாலும் உன் சட்டையை விட்டுப் போகாது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து எனக்கு முதலில் வருவது அதுதான்.

விமான எஞ்சின்களைப் பழுது பார்த்துச் சோதிக்கிற இடத்தில் உனக்கு வேலை. எஞ்சினை இரும்புச் சட்டத்தில் பூட்டி ஓட விட்டு, அது கக்குகிற புகையைக் குழாய் வழியாக இழுத்து ஒரு வெள்ளைத் தாளில் பிடிப்பீர்களாம். விதித்த அளவுக்கு மேல் தாள் கறுத்தால் எஞ்சின் வெளியே போகாதாம். "வானத்துல போற புகைக்கு எதுக்குலே இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"வானத்துல மட்டுமா விடுது? தரையில சும்மா நின்னு உறுமும்போது எண்ணெ எரிஞ்சும் எரியாமலும் வரும்க்கா. அதப் பக்கத்துல நிக்கவன்தான் குடிக்கான்" என்றாய்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீடு பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் போகிற தனியார் பஸ் ஒன்று, ஆலையில் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு வந்து எங்கள் வாசலில் பின்பக்கத்தைக் காட்டி நிற்கும். டிரைவர் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். செல்ப் மோட்டார் செத்துப்போயிருந்தது, அணைத்தால் மறுபடி கிளம்பாது. புகை நேரே எங்கள் முன்னறைக்குள் வரும். அங்கேதான் ஆறு வயதுக் கோமதி இழுப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் மூச்சு முட்டும். நீ லீவுக்கு வந்த அன்று பார்த்தாய். மறுநாள் தெருவில் இறங்கிவிட்டாய்.

"அண்ணாச்சி, வண்டிய அணைச்சிட்டு டீ குடிங்க. உள்ள பிள்ளைக்கு முடியல."

"அணைச்சா யாரு வே தள்ளுவா? ஒங்க அப்பனா?"

நம் அப்பா செத்து அப்போது வருஷம் திரும்பவில்லை. உன் தாடை இறுகியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதும் நீ கையை ஓங்கவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை சைலன்சருக்கு நேரே பிடித்தாய், கறுத்ததும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாய். "ஏரோப்ளேன் எஞ்சின் இப்பிடிக் கறுப்பு விட்டா நாங்க வெளியவே விட மாட்டோம்."

அவர் துண்டை வாங்கி, அதில் காறித் துப்பி, உன் முகத்தில் எறிந்தார். "அப்பம் ஏரோப்ளேன்லயே போவும் வே."

நீ திரும்பி வந்தாய். வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்த ஈரச்சாக்கை எடுத்துச் சுருட்டி, விறகுக் கட்டையால் சைலன்சருக்குள் இடித்து இறுக்கினாய். எஞ்சின் திணறி, விக்கி, செத்தது. தெருவே சட்டென்று அமைதியானது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

அடுத்து உன் தலையில் விழுந்தது டிரைவரின் லீவர் கம்பி. உன் காது கிழிந்து தொங்கியது. நீ தலையால் முட்டியதில் டிரைவருக்கு முன்பல் போயிற்று. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ராத்திரி முழுக்க ஆலையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். "வண்டிய நிறுத்திட்டான்லே!" என்று அவர்களும் இறங்கினார்கள். எங்களுக்குத் தெரிந்த முகங்கள்தான். உன்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்த நான் கஞ்சிப் பானையோடு ஓடிவந்து டிரைவரின் காலில் ஊற்றினேன். அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு வருத்தமில்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அப்போதுதான் கோமதி வாசல்படிக்கு வந்தாள். சத்தத்தில் பயந்து எழுந்து வந்தவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரி இருப்பது அம்பாசமுத்திரத்தில். தெருவில் நின்ற ஒரே வண்டி நீ கொன்று வைத்த அந்த பஸ்தான்.

உன் நெஞ்சில் ஏறி நின்றவன்தான் முதலில் கத்தினான். "ஏலே, பிள்ளைக்கு மூச்சில்ல! வண்டியத் தள்ளுங்கலே!" நீ எழுந்து ஓடிப்போய், கொதிக்கிற சைலன்சருக்குள் கையை விட்டுச் சாக்கைப் பிடுங்கினாய். உள்ளங்கைத் தோல் அதோடு வந்தது. உன்னை மிதித்தவர்களும் நீயும் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளினீர்கள். வெந்த காலால் கிளட்சை மிதித்து டிரைவர் கியரைப் போட்டார். வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. அம்பாசமுத்திரம் வரைக்கும் எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை.

கோமதிக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். நீயும் டிரைவரும் வெளியே ஒரே பெஞ்சில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். போலீஸ்காரர் வந்து விசாரித்தார். கேஸ் என்று ஒன்று விழுந்தால் உன் வேலைக்கு உலை. டிரைவர் உன்னைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பிள்ளையைப் பார்த்தார்.

"இவரு பஸ் படியில வழுக்கி விழுந்துட்டாரு. பிடிக்கப் போயி எனக்கும் பல்லு போச்சு."

"கால் எப்பிடி வே வெந்துச்சு?"

"டீ கொட்டிட்டு."

போலீஸ்காரர் போனதும் டிரைவர் என்னிடம் திரும்பினார். "இனி ஒங்க வாசல்ல அணைச்சிருதேன், தாயி. தள்ளுததுக்கு ஆளு?"

"நான் தள்ளுதேன்" என்றேன். மோட்டார் மாற்றுகிறவரை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தெருப் பெண்களும் தள்ளினோம்.

உனக்குத்தான் யாரும் எதையும் அணைக்கவில்லை. இத்தனை வருஷம் எஞ்சின் புகையைத் தாளில் பிடித்தாய். உன் நெஞ்சுக்குள் போனதை எந்தத் தாளிலும் யாரும் பிடிக்கவில்லை. பீடி ஒன்று தொட்டதில்லை நீ. போன வருஷம் உன் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், எஞ்சின் புகையால்தான் இந்த நோய் என்று சொல்ல முடியாது என்றார். நான் சொல்லுகிறேன், அதனால்தான். எஞ்சினின் புகைக்கு அளவு வைத்தவர்கள், பக்கத்தில் நின்று அளந்தவனின் மூச்சுக்கு ஒரு அளவும் வைக்கவில்லை. அந்தப் படத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். நர்ஸ் திட்டினாள்.

நேற்று விமான நிலைய வாசலில் ஒரு டாக்சி, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். உன் வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. பானட்டில் ஓங்கி அறைந்தேன். "அணைலே!"

அவன் கதவைத் திறந்துகொண்டு சண்டைக்கு இறங்கினான். "ஏசி நின்னா வெந்து சாவணுமா? என்னால அணைக்க முடியாது. என்ன செய்வீக?"

பின்னால் பெட்டியை உருட்டிக்கொண்டு கோமதி வந்துவிட்டாள். அம்மா மானத்தை வாங்குகிறாள் என்று என்னை இழுத்துக்கொண்டு போவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பெட்டியை வைத்தாள். நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சை நான் பார்த்துக்கொண்டே நின்றேன், தம்பி.

"அணைங்க அண்ணாச்சி. பெறகு கெளம்பலன்னா நாங்க தள்ளுதோம்."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து சாவியைத் திருப்பினான்.

உன் அக்கா