தீப்பெட்டி அளவில் நான்கு படங்கள்

ஜெயங்கொண்டம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

என் செல்ல மகள் விண்ணரசிக்கு,

அம்மாவின் முத்தங்கள். அடைக்கல மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும் நெதர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய், வேளைக்குச் சாப்பிட்டு சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். முறுக்கும் பருப்புப்பொடியும் பார்சல் கட்டினேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், பக்கத்தில் உன் அப்பாவும் இருப்பார், அவர் முன்னால் சொல்லவே முடியாது. வியாழக்கிழமை நீ கூப்பிட்டு, அம்மா ஜெயிச்சிட்டோம்மா, கேம் நல்லா விக்குது, இனிமே வேலைக்குத் திரும்பிப் போக வேணாம், அடுத்த கேமே ஆரம்பிச்சிடலாம் என்று கத்தினாயே, அப்போது பிளெக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு மேகலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கடையில் டிசைன் போடுகிற பெண் என்றுகூடப் பார்க்கவில்லை, இருவரும் குதித்தோம். அப்புறம் நீ, கேம் விளக்கத்துல அந்த மொத வரி உனக்கு எப்படிம்மா தோணுச்சு என்று கேட்டாய், நான் அப்புறம் சொல்றேன் என்று மழுப்பினேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

ஜூன் மாதம் நீ நாலு படமும் ஒரு பக்க விளக்கமும் அனுப்பியது ஞாபகம் இருக்கும். உன் நத்தைக்கல் கேம் அந்த ஆன்லைன் கடையில் ஏறி ஐந்து மாதமாகியும் யாரும் நின்று பார்க்கவில்லை, பத்து நாளில் அங்கே பெரிய தள்ளுபடி விற்பனை வருகிறது, அதற்குள் படத்தையும் எழுத்தையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷ உழைப்பும் போச்சு என்றாய். நான் வழக்கம்போல் எல்லாமே நல்லாருக்கு கண்ணு என்றேன். நீ கோபப்பட்டாய். நல்லாருக்குன்னு சொல்ல எனக்கு ஆளா இல்ல, பிளெக்ஸ் கடைக்காரியா பாத்துச் சொல்லும்மா என்று போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நீ சொன்னது சரிதான். பதினாறு வருஷமாய் முன்பின் தெரியாதவர்களிடம், இந்த போட்டோ வேணாங்க, இருட்டா இருக்கு, இவ்வளவு எழுத்து வேணாங்க, பஸ்ல போறவன் படிக்க மாட்டான் என்று கூசாமல் சொல்கிறவள், பெற்ற மகளிடம் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் மேகலாவிடம் சொல்லி நாலு படத்தையும் தீப்பெட்டி அளவில் பிரிண்ட் எடுத்தேன். கடையில் நூறு கேம்களுக்கு நடுவில் அவ்வளவு சின்னதாய்த்தான் தெரியும் என்று நீதானே சொன்னாய். வேறு கேம்களின் படங்களோடு கலந்து கவுன்டர் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு, பிளெக்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நானாக யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது தங்க எழுத்துப் போட்ட படம். அதைப் பார்த்த நாலு பேரும் நகைக்கடை காலண்டரா என்றார்கள், என் மூஞ்சி விழுந்துவிட்டது. விளக்கு பிடித்த பெண் படத்தைப் பேய்ப்படம் என்றார்கள். உன் கேமுக்கு விளம்பரம் பார்க்கிறவர் அதையே போடச் சொல்லி அடம்பிடித்த அந்த வாள் படத்தைக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் உடனே தொட்டார்கள், இதில் சண்டை இருக்கா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் விட்டுவிட்டார்கள். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இல்லாத வாளைக் காட்டிக் கூப்பிட்டால் வந்தவன் திட்டிவிட்டுத்தான் போவான். நாலாவது, சுண்ணாம்புக் குவாரிப் பள்ளத்தில் அந்தச் சின்னப் பெண், நம் பக்கம் கடலாக இருந்த காலத்து நத்தை கல்லாகிப்போன அந்த நத்தைக்கல்லைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அதை ஒருவரும் தொடவில்லை. ஆனால் தா.பழூரிலிருந்து காதுகுத்து பிளெக்ஸ் வாங்க வந்த வீரம்மாள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, இந்தப் புள்ள காதுல என்னத்த கேக்குது என்றாள். நான் வேண்டுமென்றே பில்லை மட்டும் நீட்டினேன். பணம் கட்டிப் படியிறங்கினவள் திரும்பி வந்து மறுபடியும் கேட்டாள். அதுதான் படம் என்று மேகலாவிடம் சொன்னேன். அக்கா, அப்ப ஏன் மத்தவங்க பாக்கல என்று கேட்டுவிட்டு அவளே கண்டுபிடித்தாள், பள்ளமும் வெள்ளை, பெண்ணின் சட்டையும் வெள்ளை, சின்னதாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. சட்டையைச் சிவப்பாக்கி மறுநாள் வைத்தோம். அன்றைக்கு வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் கை அதன்மேல்தான் போனது.

படம் சரியாகிவிட்டது, எழுத்துதான் சரிவரவில்லை. மனதை மயக்கும் அற்புதப் பயணம், மறக்க முடியாத அனுபவம் என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, அது அனைவரும் வருக என்று போட்டு, யார் வீட்டு விசேஷம் என்று போடாத பிளெக்ஸ் மாதிரி இருந்தது. நானும் மேகலாவும் இரண்டு நாள் எழுதி எழுதி அழித்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் உன் அப்பா குவாரியில் லாரி ஷிப்ட் முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்தார். நீ வேலையை விட்டதிலிருந்து அவர் உன் கேமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது உனக்கே தெரியும், சாப்டியா தூங்குனியா என்பதோடு சரி. அன்றைக்குக் கண்ணாடிக்குக் கீழே பார்த்தவர், இது நம்ம குவாரிதானே என்றார். மேகலா அதே படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டியதும், லோடு வண்டி எறங்குது, காலி வண்டி ஏறுது, எந்தக் குவாரியில இப்படி நடக்கும், தலைகீழா வரைஞ்சிருக்கா என்றார். மேகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அண்ணே நீங்க உட்காந்து விளையாடிப் பாருங்க என்று கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். லாரி ஸ்டியரிங் பிடித்த கைக்கு அந்த மவுஸ் அடங்கவில்லை. முதல் கல்லை எடுக்கவே நேரமானது. அந்தக் கல்லை எடுத்ததும் பள்ளத்தில் தண்ணீர் ஊறி மீன் வந்தது பார், அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு யாரிடமும் என்றில்லாமல் சொன்னார்: நாங்க தோண்டித் தோண்டிப் பள்ளமாக்குன எடத்துல ஒரு பொண்ணு எறங்குறா, அவ ஒவ்வொரு கல்லா எடுக்க எடுக்க, போன கடலு திரும்பி வருது. மேகலா அதை அப்படியே டைப் அடித்துவிட்டாள். அண்ணே, இதாண்ணே வேணும் என்றாள்.

அரசி, அந்த வரி என்னுடையது இல்லை, உன் அப்பாவுடையது. லாரிகள் தலைகீழாய்ப் போகின்றன, திருத்து என்றேனே, அதுவும் அவர் சொன்னதுதான், எனக்கு எங்கே தெரியும். நான் சொன்னேன்னு சொல்லிடாத, லாரிக்காரன் சொன்னதுன்னா அந்தப் புள்ள போடலாமா வேணாமான்னு யோசிக்கும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதனால் என் பேரில் அனுப்பினேன். நீ படித்துவிட்டு, வாளை எடுத்தாச்சும்மா, இந்த வரிதான் மேலே என்று சொன்ன அன்று நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இப்போது அவரைப் பார்க்க வேண்டுமே நீ. பிரேசிலில் யாரோ ஒருவன் அந்த ஒரு வரியைப் படித்துத்தான் வாங்கினேன் என்று எழுதியிருக்கிறானாம், மேகலா தமிழாக்கிக் கொடுத்ததைப் போனில் வைத்துக்கொண்டு குவாரி டீக்கடை முழுக்கக் காட்டுகிறார். எம் பொண்ணு பண்ணுன கேமு என்று சொல்கிறார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கடை முகப்பில் பன்னிரண்டடிக்குச் சிவப்புச் சட்டைப் பெண்ணை அடித்துக் கட்டியிருக்கிறோம், ஏணியில் ஏறி நாலு மூலையும் அவரே கட்டினார். நேற்று கும்பகோணம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், எந்தத் தியேட்டர்ல ஓடுதுங்க என்று கேட்டார். உலகம் பூரா ஓடுதுங்க என்றார் உன் அப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வெற்றியில் ராத்திரி கண் விழிக்காதே, முடியில் எண்ணெய் வை, கிறிஸ்மஸுக்கு டிக்கெட் போடு. சேசுவும் மாதாவும் உன் கைகளுக்கும் கண்களுக்கும் பலம் கொடுக்கட்டும், நீ தொட்டதெல்லாம் இப்படியே துலங்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. கேம் முடிந்து பேர்கள் ஓடுகிற இடத்தில் எழுத்து என்று என் பேரைப் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிட்டு ஞானமுத்து, லாரி ஓட்டுநர் என்று போடு. அவரிடம் கேட்காதே, வேண்டாம் என்பார். போட்டுவிட்டு அப்புறம் சொல்.

இப்படிக்கு,
உன்னால் தலை நிமிர்ந்து நடக்கும் அம்மா,
ஜெயராணி