துடக்கு வீடு

பண்டத்தரிப்பு
06.09.2021

அன்பின் தேவகுமாரிக்கு,

நானும் ஆரணியும் சுகம். உமது சுகம்தான் எங்களுக்குத் தெரியவில்லை. போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர். அதுதான் சாப்பாட்டுப் பைக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் உமது வேலை மேற்பார்வையாளர் மக்டலீன் அக்காவைக் கண்டேன். "அவவுக்குக் கொரோனா இல்லை. தனிமைப்படுத்தலும் முடிஞ்சுது. வீட்டை போங்கோ எண்டால் அழுகிறா" என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நோய் வருத்தமும் இல்லையென்றால் ஏன் அங்கே தங்கியிருக்கிறீர்? என்னோடு கோபமா? "அம்மாவுக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ?" என்று ஆரணி கேட்கிறாள்.

புட்டு கல்லாக இருந்தால் ஏசும். உமது குரலாவது கேட்கட்டும்.

நாகலிங்கம்


07.09.2021

ஆரணியின் அப்பாவுக்கு,

புட்டு கல்லுத்தான். ஆனாலும் சாப்பிட்டேன்.

உங்களோடு எனக்கென்ன கோபம்? எனக்கே என்னை விளங்கவில்லை. குளித்தேனா இல்லையா என்று மறந்து திரும்பவும் குளிக்கிறேன். அந்தக் கவச உடுப்புக்குள் நின்றால் நாள் முழுக்க ஒரு சொல் கதைக்க ஆளில்லை.

நோயாளர் விடுதியில் அச்சுவேலி ஐயா ஒருவர் இருந்தார். என்னைத் தன் மகள் என்று நினைத்துக் கையைப் பிடித்தார். "பிள்ளை, வந்திட்டியோ?" என்றார். "ஓம் அப்பு, வந்திட்டன்" என்றேன். அன்று பின்னேரமே மோசம் போய்விட்டார். உரித்துக்காரர் எல்லாரும் தனிமைப்படுத்தலில். சவப்பெட்டிக்குப் பின்னால் வண்டிவரை நடந்தவள் நான் ஒருத்திதான்.

மகள் என்று சொல்லிவிட்டேனே. அப்படியென்றால் எனக்குச் சாவுத் தீட்டு, துடக்குத்தானே? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியாமல் சாமியறை உள்ள வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பேன்? மக்டலீன் அக்கா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவ, அவவுக்குச் சொன்னால் விசர், மூளை பிசகிவிட்டது என்பா. எனக்கு விசர்தானோ?

தேவகுமாரி


பண்டத்தரிப்பு
08.09.2021

அன்பின் தேவகுமாரிக்கு,

விசருமில்லை, ஒன்றுமில்லை. செத்தவீட்டில் தன்னந்தனியே நின்றால் ஆருக்கும் தலை சுற்றும். வாசித்துவிட்டு நானும் அழுதேன்.

மகளுக்குத் துடக்கென்றால் மருமகனுக்கும் பேத்திக்கும் துடக்குத்தானே? சாமியறையைப் பூட்டிவிட்டேன். இப்போதைக்குப் பூசைக்கு வரமாட்டோம் என்று கோயில் ஐயருக்கும் சொல்லியாயிற்று. வேலிக்கு அப்பால் நின்று பக்கத்து வீட்டுப் பிலிப்பர், "ஆர் மோசம் போனது?" என்று கேட்டார். "என்ரை மாமனார்" என்றேன். "அவர் எப்பவோ செத்திட்டாரல்லோ?" என்று முழுசினார். முழுசட்டும்.

அந்தியேட்டியன்று மூன்று பேருமாய்க் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போவோம். அந்த ஐயாவின் பெயரை மறவாமல் கேட்டுக்கொண்டு வாரும். மகளுக்குத் தகப்பன் பெயர் தெரியாமல் இருக்கக்கூடாது.

இதுவும் இப்போது துடக்கு வீடுதான், நீர் தாராளமாக உள்ளே வரலாம். நாளைக் காலை உம்மைக் கூட்டிவர ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். சாப்பாட்டுப் பை கொண்டுவர மாட்டேன்.

நாகலிங்கம்