பீரோவுக்குள் இருந்த மோடம்

கணவர் சகாய ஆண்டனி வந்ததும் கண்ணில் படட்டும் என்று, வின்சி மோடத்தின் மேலேயே இந்தச் சீட்டை ஒட்டிவிட்டுக் கிளம்பினாள்.

பிளெசி அப்பா,

கேபிள்காரத் தம்பி வந்து, வயரை நேரா லேப்டாப்புல சொருகிக் காமிச்சுச்சு. ஸ்பீடு தொண்ணூத்தஞ்சு எம்பி வருது. தூசி படும்னு நீங்க மோடத்தை இரும்பு பீரோவுக்குள்ள வச்சா, சிக்னல் எங்குட்டுக்கூடி வெளிய வரும்?

நேத்து நான் ஆன்லைன்ல டியூசன் எடுக்கையில, சீரியல் பாத்தே நெட்டைத் தீக்குறேன்னு கத்துனீக. அப்ப மட்டும் நெட்டு நல்லா ஓடுச்சு. ஒம்பது பிள்ளைகளும் கேட்டுச்சுக.

மோடம் இனிமே இங்க, மேசை மேலதான் இருக்கும். குழம்பு அடுப்புல இருக்கு. நான் காளையார்கோவில் போறேன், வர ராத்திரியாகும்.

மறந்துட்டேன். பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போறேன். சாயந்தரம் ரிசப்ஷனுக்கு எடுத்து வச்ச உங்க பட்டுச் சட்டை உள்ளதான் இருக்கு. தூசி படாது.